இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை

மெழுகுக் கட்டியை
டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார் ஏசுபாதம்.
சுற்றிலும் ஈரத் துணி.
ராயபுரத்தில் ஏறி, பாரிமுனையில் மாறி,
தரமணி வரும்வரை மடியிலேயே.
மே மாதம். ஜன்னல் கம்பி தொட்டால் சுடும்.
"உருகிடலையே மேடம்?"

உருகவில்லை.
அதற்கு இன்னும் இருபது டிகிரி வேண்டும் என்றேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
பெனினா. வயது ஒன்று, மாதம் எட்டு.
சிறுநீரகத்துக்கு மேலே, இடப்பக்கம்.
எண் 0417.
அதன்பிறகு அவள் எனக்கு 0417தான்.
அப்படித்தான் பழக்கம்,
அப்படித்தான் தூக்கமும் வருகிறது.

மூன்றாம் நாள், இருட்டறை.
ஏசி மட்டும் பேசும்.
கண் பழகியதும் நீல உட்கருக்கள் மேலே வரும்.
ஒவ்வொன்றிலும்
இரண்டு பச்சை இருக்க வேண்டும்,
இரண்டு சிவப்பு இருக்க வேண்டும்.
அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.
அதற்குமேல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

0417இல் பச்சை இரண்டு.
சிவப்பை எண்ண முடியவில்லை.

"குங்குமச் சிமிழ் கவுந்த மாதிரி" என்றான்
புதிதாகச் சேர்ந்த தணிகைவேல்.
உவமை வேண்டாம், எண் சொல் என்றேன்.
நாற்பதுக்கு மேல் என்றான்.
அடுத்தது?
நாற்பதுக்கு மேல்.
இருநூறு உட்கருக்கள் பார்த்தோம்.
வெளியே வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

ஒரே ஒரு மரபணு.
கருவில் நரம்பு தழைக்கும்போது
வளர் என்று சொல்லிவிட்டு
அடங்கிவிட வேண்டியது.
ஆடி மாத ஒலிபெருக்கியில் சிக்கிக்கொண்ட பாட்டுபோல
அந்த ஒரு சொல்லையே
நாற்பது தடவை, ஐம்பது தடவை,
தெரு முழுக்கக் கேட்கும்படி.
(இதுவும் உவமைதான்.
தணிகைவேலிடம் சொல்லவில்லை.)

அறிக்கையில் ஒரு வரி: பெருக்கம் உண்டு.
அதற்குக் கீழே எழுதப்படாதது
எனக்கு மனப்பாடம்.
அதிக ஆபத்துப் பிரிவு.
சுற்றுச் சுற்றாய் கீமோ, அறுவை, ஸ்டெம் செல், கதிர்வீச்சு,
பிறகும் நூறில் பாதி.
நூறில் பாதி என்பது
நூறு குழந்தைகளைப் பற்றிய பேச்சு.
ஒருத்தி பாதி பிழைப்பதில்லை.
பதினோரு வருடமாக இந்தக் கணக்கில் தேறாமலே
சம்பளம் வாங்குகிறேன்.

போன மாதம் 0352. பத்து மாதக் குழந்தை.
இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை,
கடைசி உட்கரு வரைக்கும்.
அன்று கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை.

அறிக்கை வாங்க வந்தவர்
உறையைப் பிரிக்கவில்லை.
டாக்டரைப் பாருங்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள்
வேறொன்று கேட்டார்.
"எம் பக்கத்துலேர்ந்து வந்ததா, அவ பக்கத்துலேர்ந்தா?
வீட்ல என்னென்னமோ பேசறாங்க.
அவ சாப்பிடறதையே விட்டுட்டா."

முடிவுகள் பற்றிக் கவுன்ட்டரில் பேசக் கூடாது.
என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது, லேமினேட் செய்து.
சொன்னேன்:
நான் பார்த்தது ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வரலைங்க.
அந்தக் கட்டிக்குள்ளேயே ஆனது.
சாப்பிட்டதால இல்ல, கிரகணத்தால இல்ல.
அவங்ககிட்ட இன்னிக்கே சொல்லுங்க.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.
லிஃப்ட் இரண்டு முறை வந்து போனது.

மீந்த மெழுகுக் கட்டியைத் திருப்பித் தர வேண்டும், விதி.
உள்ளே இருப்பது பட்டாணி அளவுகூட இல்லை.
"இதை எங்க வைக்கிறது?"
வெயில் படாத இடத்தில் என்றேன்.
"தகரக் கூரைங்க" என்றார்.
பிறகு அவரே, "தண்ணிப் பானைக்குப் பக்கத்துல வைக்கிறேன்."

அதே டப்பா.
பேனாவை நீட்டினேன்.
பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில்
நிறுத்தி நிறுத்தி
பெனினா என்று எழுதினார்.

அடித்துத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும்.
பதிவேட்டை மூடி வைத்தேன்.